செக்ரோல் புத்தகத்தில் பாட்டியின் பெயர்

தேர்வு முடிவு வெளிவந்து, பல்கலைக்கழக விண்ணப்பமும் திறந்துவிட்டால் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகளின் ராகமே மாறிவிடும். பாட்டுக் கேட்பவர்கள் குறைந்து பாடம் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். "என் மகள் இத்தனை ஏ எடுத்திருக்கிறாள், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" மருத்துவம், சட்டம், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி. இந்த நாலுக்கும் ஆலோசனை சொல்ல ஊரிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை ஐந்தாவதாக ஒன்றைச் சொன்னால்தான் வீட்டில் சத்தம் அடங்கிவிடும்.

பாலிங் பக்கத்திலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருத்தி அப்படி ஐந்தாவதைச் சொன்னவள். தகவல் முறைமை. மலாயில் 'சிஸ்தம் மக்லுமாட்'. அப்பாவுக்குப் புரியவில்லை. அப்பாவின் நண்பர் சாப்பாட்டுக் கடையில் வைத்துத் தீர்ப்பே எழுதிவிட்டாராம்: "கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே? அதற்கு எதுக்கு யுனிவர்சிட்டி?"

இவளுக்கு வேண்டியது ஓர் உபகாரச் சம்பளம். விண்ணப்பத்தில் 'இத்துறையைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள்' என்று ஒரு கேள்வி. எழுதிய நகலை எனக்கு அனுப்பி, "அக்கா, இது போதுமா?" என்று கேட்டிருந்தாள். 'சிறு வயது முதலே எனக்குக் கணினியில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கியது. இந்த வரியை நாடு முழுவதும் எத்தனை பிள்ளைகள் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பவர் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார். "உண்மையான காரணத்தைச் சொல்லும்மா, எழுத வேண்டாம், பேசு" என்று பதில் போட்டேன். பதினொரு குரல் பதிவுகள் வந்தன. பாதியில் தகரக் கூரையில் மழைச் சத்தம். ஒலிப்பதிவுக்கு நான் மதிப்பெண் போட்டால் பெயில்தான். சொன்ன விஷயங்கள் அப்படி இல்லை. அவள் அனுமதியோடு, பெயர் இல்லாமல், இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துறை என்னவென்று பார்த்துவிடுவோம். கணினி அறிவியல் என்பது கணினியை எப்படிச் செயல்பட வைப்பது, நிரலை எப்படி எழுதுவது என்று படிப்பது. தகவல் முறைமை அதன் பக்கத்து வீடு. ஒரு நிறுவனத்தில், ஒரு மருத்துவமனையில், ஓர் அரசாங்க இலாகாவில் யார் எதை எழுதி வைக்கிறார்கள், அது யார் கைக்குப் போகிறது, அதை வைத்து என்ன முடிவு எடுக்கிறார்கள், தப்பாக எழுதினால் யார் திருத்துவது என்பதெல்லாம் இங்கே வரும். கணினி இதில் ஒரு பகுதிதான். மீதி ஆட்களும் வழக்கமும் கணக்கும்.

இதைப் பல்கலைக்கழகங்கள் தனித் துறையாக ஏற்றது அப்படியொன்றும் பழைய கதை இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் முனைவர் படிப்பாக அதைத் தொடங்கியது 1960களின் கடைசியில். ஆனால் அந்த வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

மாணவியின் பாட்டி கோல கெட்டில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். ஒரே லயத்தில் மூன்று முனியம்மாக்கள். லயத்து ஆட்களுக்கு அதில் குழப்பமே இல்லை: பெரிய முனியம்மா, கட்டை முனியம்மா, தண்ணித்தொட்டி முனியம்மா. கிராணிக்கு இது உதவாது. அவர் ஆளுக்கு ஒரு நம்பர் போட்டார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நம்பரைச் சொன்னால் செக்ரோலில் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் அன்றைக்குப் பேர் உண்டு. பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கலாம், நம்பர் இருக்கக் கூடாது. இன்று தரவுத்தளம் கற்றுக்கொடுக்கும் எந்த வகுப்பிலும் முதல் வாரத்துப் பாடம் இதுதான். நமது அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கமும் அதே யோசனைதான்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி நாலு வரிசை எண். கெடாவில் பிறந்தவருக்கு நடுவில் 02 வரும்.

காலையில் வெட்டிய பாலை வாளியில் தூக்கி வந்தால் நிறுவையடியில் அடுத்த கணக்கு. பாலின் எடைக்குச் சம்பளம் கிடையாது. அதில் இருக்கும் உலர்ந்த ரப்பரின் எடைக்குத்தான் சம்பளம். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார்கள், அல்லது கொஞ்சம் மாதிரி எடுத்துக் காயவைத்து நிறுப்பார்கள். பாலில் ரப்பர் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கும். ஒரு பெண் இருபது கிலோ பால் கொண்டுவந்தால், முப்பது என்று எழுதினால் அவள் கணக்கில் ஆறு கிலோ. முப்பத்து மூன்று என்று எழுதினால் ஆறு கிலோ அறுநூறு கிராம். ஒரு நாளைக்கு அறுநூறு கிராம், மாதம் இருபத்தாறு நாள், எத்தனை வருடம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணைப் பார்ப்பவர் கிராணி, எழுதுபவர் கிராணி, புத்தகத்தைப் பூட்டி வைப்பவரும் கிராணி. வெட்டியவளிடம் நகல் இல்லை. எல்லாக் கிராணியும் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாக எழுதியவர்களையும் நம் பெரியவர்கள் இன்றுவரை பெயர் சொல்லி நினைக்கிறார்கள். ஆனால் நேர்மையாக எழுதினாரா இல்லையா என்று அந்தப் பெண்ணால் சரிபார்க்க முடியாது என்பதுதான் விஷயம்.

பாட்டிக்கு வந்த தொல்லை இந்தக் கிலோவில் இல்லை, பெயரில். தோட்டத்துப் புத்தகத்தில் ரோமன் எழுத்தில் முனியம்மா. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் எழுதியவர் 'யு' போட வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவிட்டார். முனியம்மா மணியம்மா ஆகிவிட்டார். எழுத்துப் பிழை மாதிரித் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. மணியம்மா என்பது தனியாகவே நல்ல பெயர், வேறொரு பெண்ணின் பெயர். வேலை செய்த காலமெல்லாம் இது யாரையும் உறுத்தவில்லை. வயதான பிறகு, தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோதுதான் உறுத்தியது.

மலாய் படிக்கத் தெரிந்த துணை என்று பாட்டி கூட்டிக்கொண்டு போனது பன்னிரண்டு வயதுப் பேத்தியை. முகப்பில் இருந்தவர் நல்ல மனிதராம். திட்டவில்லை, விரட்டவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு வரிகள். ஒன்றில் முனியம்மா, பழைய அட்டை எண். இன்னொன்றில் மணியம்மா, புதிய எண். "இது இரண்டு ஆள்" என்றார். பாட்டி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஒரு ஆளுதான்யா" என்று தமிழிலேயே சொன்னாராம்.

பிறகு சத்தியப் பிரமாணப் பத்திரம், மூத்தவர் ஒருவரின் சாட்சி, பிஸ்கட் டின்னில் பாட்டி மடித்து வைத்திருந்த ஒரு பழைய சம்பளச் சீட்டு. இரண்டு வருடம் இழுத்துத்தான் முடிந்தது. தோட்டம் அதற்குள் கைமாறிவிட்டது. செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று சொல்ல அங்கு ஆள் இல்லை. அந்தச் சம்பளச் சீட்டு மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியும், சொல்ல மனம் வரவில்லை.

"அந்தத் திரையில் ரெண்டு வரி பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு அக்கா. ஒரே பிறந்த வருஷம். ஆனா அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கல. யார் இதை இப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு அப்பவே தோணுச்சு." ஆறாவது குரல் பதிவு. விண்ணப்பத்தில் முதல் வரியாக இதைப் போடு என்றேன்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டும் அல்ல என்று இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும். பத்திரம் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. பத்திரம் இருப்பவர்களுக்கு வேறு சில்லறைத் தொல்லை. பெயருக்கு நடுவில் வரும் 'ஏ' சாய்கோடு 'பி', அதாவது 'இன்னாரின் மகள்'. எத்தனையோ இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை அங்கே போட்டால் விமான நிலையத்தில் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். படிவத்தை வடிவமைத்தவர் நம்மைப் போன்றவர்களை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த இரண்டு கட்டத்திலேயே தெரிந்துவிடும். வடிவமைக்கும் அறையில் நம் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தால் "சாய்கோட்டை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டிருப்பாள்.

அரசாங்கம் 2024 ஜனவரி 2ஆம் தேதி 'பாடு' என்ற தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. உதவித்தொகையும் மானியமும் சரியான வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். பெயரைக் கேட்டு நம் ஆட்கள் சிரித்தார்கள். பாடுபடுவது நமக்கென்ன புதுசா? சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தரவுத்தளத்தில் ஒரு குடும்பத்தின் விவரம் தப்பாக இருந்தால், அந்தக் குடும்பத்தின் உலையிலேயே அது தெரியும்.

வியாபாரத்துக்காகக் கணினியை முதலில் வேலைக்கு அமர்த்தியது யார் தெரியுமா? ராணுவமும் இல்லை, வங்கியும் இல்லை. லண்டனில் டீக்கடையும் கேக்கும் நடத்திய லயன்ஸ் என்ற நிறுவனம். கேம்பிரிட்ஜில் கட்டிய எட்சாக் கணினியைப் பார்த்து, தாங்களே ஒன்றைக் கட்டி 'லியோ' என்று பெயர் வைத்தார்கள். 1951 நவம்பரில் அது தன் பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. அடுத்து ஊழியர் சம்பளம். ஒருவர் சம்பளத்தைக் கணக்கிட அனுபவமுள்ள கிராணிக்கு எட்டு நிமிடம் ஆன இடத்தில் லியோவுக்கு ஒன்றரை வினாடி ஆனது என்பார்கள்.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. 1954இல் டீக்கடைகளின் அன்றாடக் கொள்முதலை லியோவில் ஏற்றினார்கள். கடையை நடத்தும் பெண்களைப் படிவம் நிரப்பச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான பட்டியல் ஒன்று ஏற்கெனவே உண்டு. இன்றைக்கு என்ன மாற்றம் என்று மட்டும் தொலைபேசியில் கேட்டு அட்டையில் துளையிட்டார்கள். அந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் டேவிட் கேமினர். பின்னாளில் உலகின் முதல் முறைமைப் பகுப்பாய்வாளர் என்று அவரைச் சொன்னார்கள். டீக்கடைப் பெண்ணுக்கு எது சுலபம் என்று யோசித்த பிறகு இயந்திரத்துக்குப் போனவர். சாப்பாட்டுக் கடை நண்பர் 'ரிப்பேர்' என்று சொன்ன தொழில் இதுதான்.

மாணவியின் இரண்டாவது காரணம் அப்பாவின் லாரி. அவர் ரப்பர் வியாபாரி ஒருவரிடம் ஓட்டுநர். கம்பங்களில் சிறுதோட்டக்காரர்கள் சேர்த்து வைக்கும் கட்டிப்பாலை ஏற்றிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் தராசும் துண்டுச் சீட்டும். இப்போது சிறுதோட்டக்காரர் விற்க வேண்டுமென்றால் ரப்பர் வாரியத்தின் அனுமதி அட்டை வேண்டும். விற்பனையைப் பதிய கைப்பேசியில் செயலி வந்துவிட்டது. விலை விழும்போது அரசாங்கம் கொடுக்கும் ஊக்கத்தொகைக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். போதாததற்கு ஐரோப்பா. காடழித்து விளைந்த பொருளை வாங்கமாட்டோம் என்று 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. செம்பனை, ரப்பர் உட்பட ஏழு பொருட்கள் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது, எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் ஆயத்தங்கள் நிற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். கட்டிப்பால் லாரியில் ஏறியவுடன் எல்லாம் ஒரே குவியல். மேல் கம்பத்து அம்பது கிலோவும் கீழ்க் கம்பத்து முப்பது கிலோவும் ஒன்றாகிவிடும். அந்தக் குவியலுக்குள் ஒவ்வொரு கிலோவுக்கும் ஊர் பேர் கேட்கிறார்கள். "அப்பாவோட லாரியிலேயே பெரிய பிராப்ளம் ஏறி உக்காந்திருக்கு அக்கா" என்கிறாள். எனக்குத் தெரிந்து எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அப்பா எதையும் நம்பாத மனிதர். செயலி வந்த நாளிலிருந்து தானும் ஒரு 555 நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், மளிகைக் கடைக் கடனுக்கு நாம் வைத்திருந்தோமே, அதேதான். எந்த நடை, எந்த இடம், எத்தனை கிலோ. பாட்டியிடம் இல்லாத நகல் இந்த மகனிடம் இருக்கிறது.

பாலிங்கில் ரப்பர் விலையைச் சாதாரணமாகப் பேசிவிட முடியாது. 1955 டிசம்பர் 28, 29இல் துங்குவும் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்திய ஊர் என்று பள்ளியில் படித்தோம். அதே ஊரில்தான் 1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, சிறுதோட்டக்காரர்கள் வீதியில் இறங்கினார்கள். பசியால் சாவு என்று செய்தி பரவியது, அரசாங்கம் மறுத்தது. கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். எந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்ற கணக்கு ஒரு மேசையில் இருந்திருந்தால் அந்த வாக்குவாதமே வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது காரணம் வெள்ளம். 2022 ஜூலை 4. மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிய தண்ணீரில் குப்பாங் வட்டாரத்தில் வீடுகள் போயின, மூன்று உயிர்கள் போயின. இவள் அப்போது நான்காம் படிவம். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப்பில்தான் தகவல் வந்ததாம், அதிலும் பாதி பழைய படங்கள், வேறு ஊர்ப் படங்கள். மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் வடிகால் நீர்ப்பாசன இலாகா இணையத்தில் போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஆற்றங்கரை வீட்டுப் பாட்டிக்குப் புரியும் மொழியில், அவர் விழித்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். வானொலியில் உட்கார்ந்து எச்சரிக்கை வாசிப்பவள் என்பதால் எனக்கு இது நன்றாகவே உறைக்கும். 'மட்டம் அபாய நிலையைத் தாண்டியது' என்று வாசித்தால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். 'கோயில் படிக்கட்டுவரை தண்ணி வந்துரும்' என்றால் சாமான் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

நாலாவதாக ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: டாக்டருக்குப் படிக்க மாட்டேன், ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். கோரைப்பல் ராஜா பெர்சியோங் கதை வழங்கும் ஊரில் பிறந்துவிட்டு இப்படியா என்றேன். சம்பளமும் ஒரு காரணம் என்றாள். அதையும் எழுதச் சொன்னேன். வீட்டுக் கடனை அடைக்க வேண்டும் என்பது வெட்கப்படுகிற விஷயமா?

அப்பாவின் கேள்விகளுக்கு வருவோம். எங்கே படிப்பது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பட்டத்திலேயே தகவல் முறைமை ஒரு பிரிவாக இருக்கிறது. கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் வணிகத் தகவல் முறைமை உண்டு, ஆனால் அது தனியார், கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். கடனையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டுக்குக் கிட்டே வேண்டுமென்றால் சிந்தோக்கில் வடமலேசியப் பல்கலைக்கழகம், அங்கே தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும், அவரவர் தளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். கணக்கியல் பிடித்த பிள்ளை இவள். அது இந்தத் துறையில் வீண் போகாது.

வேலை? பாலிங்கில் கிடைக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். 1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, அம்மா பேக்டரி பஸ் ஏறிப் போவது அங்கேதான். பினாங்கு இருக்கிறது. சட்டமும் வேலை உண்டாக்குகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயம், பிறகு படிப்படியாகச் சிறியவற்றுக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இலேயே வந்தாலும், அதன் திருத்தத்தின்படி 2025 ஜூன் முதல் பல நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். கணினியும் தெரிந்து, நிர்வாகமும் தெரிந்து, மனிதர்களிடம் பேசவும் தெரிந்த ஆள்தான் இதற்கெல்லாம் தேவை. ஊடகத் துறை எடுத்தபோது என் அம்மாவிடம் "ரேடியோவுல பேச எதுக்குப் படிப்பு?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு வருடத்தில் நான்கு முறையாவது மைக்குக்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. அப்பா இன்னும் போடவில்லை. மறுக்கவும் இல்லை. ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். தன் 555 புத்தகத்தில் இருக்கும் நடைகளையெல்லாம் கணினியில் ஏற்றி, முதலாளியின் கணக்கோடு ஒத்துப் பார்த்துக் காட்ட வேண்டும். அது சரியாக வந்தால் பேனாவை எடுப்பாராம். பள்ளி விடுமுறையில் மகள் உட்கார்ந்து மூன்று மாதத்தை ஏற்றி முடித்துவிட்டாள். இரண்டு மாதம் கிலோ கிலோவாகப் பொருந்துகிறது. மூன்றாவது மாதத்தில் இரண்டு நடை இடிக்கிறது. அப்பா எழுத மறந்தாரா, அங்கே யாராவது இருமுறை பதிந்தார்களா என்று அப்பாவும் மகளும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.